மரவள்ளிப் பிளாஸ்டிக்கை நாற்றுமேடையில் தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பர் 1ஆம் திகதி முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பைகளைக் கடைகள் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை விதித்தது. நல்ல விதி. அதற்குப் பிறகு திருகோணமலைப் பட்டினத்தில் நான் சாமான் வாங்கும் கடையொன்றில் இரண்டு விதமான பைகள் தொங்குகின்றன. ஒன்று வழமையான ஷொப்பிங் பேக். மற்றது பச்சை இலைப் படம் போட்டு, ஆங்கிலத்தில் ஏதோ அச்சடித்து, கொஞ்சம் கூடிய விலைக்கு விற்பது. “மிஸ், இது மரவள்ளி மாவில செய்தது. எறிஞ்சா மண்ணோட மண்ணாப் போயிடும்” என்றான் அங்கு நின்ற பெடியன். அவன் பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லித் தந்ததைச் சொன்னான். அந்த வார்த்தையை நம்பிக் கூடக் காசு கொடுத்து வாங்கியவர்கள், மக்கிவிடும்தானே என்று அதை வேலியோரம் எறிந்துவிட்டுப் போவதைப் பார்த்த பிறகுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியையாக வேலைசெய்து ஓய்வுபெற்றவள். குச்சவெளி, தம்பலகாமம், மூதூர் என்று மாறி மாறி இருந்தேன். மரவள்ளியும் கூட்டெருவும் நாற்றுமேடையும் என் தொழில். தாவரங்களின் மாப்பொருளிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்யும் முயற்சியை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் அதை எங்கள் மாவட்டத்தில் கடையில் தொடங்கினால் கெட்டுப்போகும், நாற்றுமேடையில் தொடங்கினால் வேரூன்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். செய்வது கடினமல்ல. நான் உதவிக்குப் போகும் பாடசாலையொன்றின் சுற்றாடல் கழகப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்த்தேன். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, தண்ணீரில் பிசைந்து, துணியால் வடித்து, கலங்கலை அப்படியே அடையவிட்டால் அடியில் வெள்ளை மா படியும். காய்ந்த மாவில் 10 கிராம், தண்ணீர் 60 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டி வினாகிரி, பாமசியில் வாங்கிய கிளிசரின் ஒரு தேக்கரண்டி. இவ்வளவையும் மெல்லிய நெருப்பில் விடாமல் கிண்ட வேண்டும். சூடு 60, 70 பாகை செல்சியசைத் தாண்டும்போது பால் நிறமாக இருந்த கலவை தெளிந்து பசையாகும். அதைத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி நிழலில் காயவிட்டு ஓரத்தைப் பிடித்து உரித்தால், கண்ணாடித் தாள் போன்ற ஒன்று கையோடு வரும். அது வந்தபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். மாப்பொருளில் இரண்டு வகைச் சங்கிலிகள் உள்ளன. நேராக நீளுவது அமைலோசு, கிளைவிட்டுப் பரவுவது அமைலோபெக்ரின். மரவள்ளி மாவில் அமைலோசு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மீதி அமைலோபெக்ரின். சிறு மணிகளுக்குள் இறுகிக் கிடக்கும் இந்தச் சங்கிலிகளைச் சூடும் தண்ணீரும் சேர்ந்து அவிழ்க்கின்றன. வினாகிரியிலுள்ள அமிலம் கிளைகளைச் சற்று நறுக்குகிறது. கிளிசரின் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவை மறுபடி இறுகிவிடாமல் தடுக்கிறது. தொழிற்சாலையில் இதே வேலையைத் திருகுத்தண்டு சுழலும் இயந்திரத்துக்குள் சூட்டோடும் அழுத்தத்தோடும் செய்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான்.

ஆனால் எங்கள் ஊர்க் காலநிலை அந்தத் தாளைச் சும்மா விடவில்லை. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் அது அப்பளம்போல் நொறுங்கியது. மாரியில் செய்த தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரலில் ஒட்டியது. பிள்ளைகள் ஆசைப்பட்டு அதில் சுடுசோறும் மீன் குழம்பும் வைத்துப் பார்த்தார்கள். சாப்பிட்டு முடியுமுன் தாள் களியாகிவிட்டது. மாப்பொருள் தண்ணீரை விரும்பும் பொருள். வெறும் மாப்பொருளால் மீன் வாங்கப் போகும் பையைச் செய்ய முடியாது. பல நாள் வைத்திருந்தால் சங்கிலிகள் மீண்டும் அடுக்குச் சேர்ந்து விறைத்தும் போகும். ஆறிய சோறு விறைப்பதும் இதனால்தான்.

ஆகவே கடைக்கு வரும் மாப்பொருள்ப் பை எதுவாக இருந்தாலும் அதில் வேறொன்று கலந்துதான் இருக்கும். அந்த வேறொன்று என்ன என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

நேர்மையான வழி ஒன்று உண்டு. இத்தாலியில் நோவமொன்ட் என்ற நிறுவனம் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து மாட்டர்-பி என்ற பெயரில் செய்துவருவது அது. மாப்பொருளோடு, நுண்ணங்கிகள் தின்னக்கூடிய பொலியெஸ்டர் வகையொன்றைக் கலக்கிறார்கள். இப்படிக் கலப்பதற்கு உலகெங்கும் அதிகம் பயன்படுவது பிபிஏடி என்ற பொருள். அது பெற்றோலியத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது, ஆனாலும் மக்கும். இதை அறிந்தபோது ஆச்சரியப்பட்டேன். தாவரத்திலிருந்து வந்தால்தான் மக்கும் என்றில்லை. தாவரத்திலிருந்து வந்தால் கட்டாயம் மக்கும் என்றும் இல்லை. எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, எங்கே போய்ச் சேர்ந்தால் எத்தனை காலத்தில் மக்கும் என்பது முற்றிலும் வேறு கேள்வி.

நேர்மையற்ற வழி, சாதாரணப் பொலித்தீனில் கொஞ்சம் மாப்பொருளைத் தூவிவிடுவது. பொலித்தீனில் மாப்பொருள் மணிகளை நிரப்பும் முறை இங்கிலாந்தில் 1970களிலேயே வந்தது. மண்ணுக்குள் நுண்ணங்கிகள் மா மணிகளைத் தின்றுவிடும். பொலித்தீன் ஓட்டை ஓட்டையாக மிஞ்சி, கடைசியில் தூள் தூளாக உடையும். கண்ணுக்குத் தெரியாமல் போனதை மக்கிப்போனது என்று சொல்லி விற்கலாம். இன்னொரு வகையில் மாப்பொருளே கிடையாது, உலோக உப்புச் சேர்த்து வெயிலில் விரைவாக உடையச் செய்த பொலித்தீன் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டம் இயற்றி 2021 யூலையிலிருந்து அந்த வகையைத் தடைசெய்துவிட்டது. இந்த மூன்றுக்கும் பச்சை இலைப் படம் ஒன்றாகவே பொருந்தும். கையில் பிடித்துப் பார்த்து எது எது என்று என்னால் சொல்ல முடியாது, கடைக்காரராலும் முடியாது.

பிள்ளைகள் நான் வாங்கி வந்த பையைக் கிழித்து ஓரத்தில் அயடீன் விட்டுப் பார்த்தார்கள். மங்கலாகக் கருநீலம் தெரிந்தது. “மிஸ், மாப்பொருள் இருக்கு! உண்மையான பைதான்” என்று துள்ளினார்கள். மாப்பொருள் இருக்கிறது என்பதை மட்டும்தான் அயடீன் காட்டும், மீதிப் பங்கு என்ன என்பதை அது சொல்லாது என்று விளக்க வேண்டியிருந்தது. பையின் மற்றப் பாதியை என் வீட்டுக் கூட்டெருக் குவியலுக்குள் வைத்தேன். வைக்கோலும் கிளிரிசிடியா இலையும் மாட்டுச் சாணமும் அடுக்கி, முறையாகப் புரட்டி வரும் குவியல் அது. கைவிட்டால் பொறுக்க முடியாத சூடு வரும். கூட்டெரு கறுத்து உதிரியாகி, அரிக்கும் பருவம் வந்தபோது பை கீலம் கீலமாக அரிதட்டின் மேல் வந்து கிடந்தது. பச்சை இலைப் படம்கூட அழியவில்லை.

ஒரு பை உண்மையில் மக்குமா என்று சொல்ல உலகத்தில் ஒழுங்கான சோதனைகள் இருக்கின்றன. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரத்தின்படி, தொழில்முறைக் கூட்டெருக் குவியலில் 12 வாரம் வைத்த பின் 2 மில்லிமீற்றரிலும் பெரிய துண்டுகள் 10 வீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது. 6 மாதத்துக்குள் 90 வீதம் நுண்ணங்கிகளால் தின்னப்பட்டுக் காபனீரொட்சைட்டாக மாறியிருக்க வேண்டும். பார உலோகங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும். அந்தக் கூட்டெருவில் பயிர் முளைத்து வளர்ந்தும் காட்ட வேண்டும். அந்தக் குவியலின் சூடு 58 பாகை அளவில் பேணப்படுவது. கடலோர மணலில் கிடக்கும் பைக்கு இந்தச் சூடு எங்கிருந்து வரும்?

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமொஜென் நாப்பர், றிச்சர்ட் தொம்சன் என்ற இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வை இது பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மக்கும் என்று சொல்லி விற்ற பைகளையும் சாதாரணப் பைகளையும் மண்ணுக்குள் புதைத்தும் கடலுக்குள் தொங்கவிட்டும் 3 ஆண்டுகள் பார்த்தார்கள். மண்ணிலும் கடலிலும் 3 ஆண்டு கிடந்த பின்னும் ‘மக்கும் பை’ ஒன்று கடைச் சாமானைத் தாங்கும் பலத்தோடு இருந்தது. கூட்டெருவுக்கு உகந்தது என்று விற்கப்பட்ட பை கடலில் 3 மாதத்துக்குள் காணாமல் போனது. அதே பை மண்ணுக்குள் 27 மாதம் கழித்தும் பைபோலவே கிடந்தது, பாரம் வைத்தால் மட்டும் கிழிந்தது. ஒரே பை, இடத்துக்கு இடம் வேறு விதி.

இனி எங்கள் இடத்தைப் பாருங்கள். பிரட்றிக் கோட்டையிலிருந்து பட்டினத்துக்குள் இறங்கி வரும் புள்ளிமான்கள் குப்பை மேயும் காட்சியை, கோணேசர் கோயிலுக்கு வந்துபோன எவரும் கண்டிருப்பார்கள். பொலித்தீன் தின்று அவை செத்துப்போவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் மாகாணத்திலேயே அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீன் தின்று இறந்திருக்கின்றன. மரவள்ளிப் பை என்பதால் மான் தப்பிவிடும் என்று நினைக்காதீர்கள். சோற்று வாசனையும் மீன் வாசனையும் பட்ட பையை மானும் மாடும் தேடித் தின்னும். கூட்டெருவில் மக்க வாரக்கணக்கும் மண்ணில் மாதக்கணக்கும் எடுக்கும் பொருள், மாட்டின் வயிற்றில் ஓரிரு நாளில் கரைந்துவிடும் என்று யார் உத்தரவாதம் தருவது? வீசினாலும் பரவாயில்லை என்ற எண்ணத்தை ஊட்டும் பை, வெறும் பொலித்தீனிலும் பார்க்கக் கூடுதலாக வீசப்படும் என்பதுதான் என் பயம். டச்சுக் குடாவிலும் நிலாவெளிக் கரையிலும் ஏற்கெனவே ஒதுங்குவது போதாதா?

குப்பைமேட்டுக்குப் போனாலும் நிலைமை பெரிதாக மாறாது. என் ஒழுங்கையில் குப்பை வண்டி வரும் நாளில் மீன் செதிலும் பம்பர்சும் ஷொப்பிங் பேக்கும் ஒரே மூட்டையாகத்தான் வெளியே வருகின்றன. மேட்டில் அமுங்கிக் காற்றில்லாமல் கிடக்கும் மாப்பொருள் மெதேன் வாயுவாகப் போகும். கூட்டெருவுக்கென்று பிரித்தெடுக்கும்போதும் தொழிலாளி மக்கும் பையையும் மக்காப் பையையும் வேறாக்க வழியில்லை. இரண்டும் உள்ளே போகும், அல்லது இரண்டும் வெளியே போகும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது விவசாயிகள் கூட்டெருவுக்கு அலைந்ததை மறந்திருக்க மாட்டோம். அப்போது எனக்குத் தெரிந்த தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த மூடைகள் சிலவற்றைப் பிரித்துக் கொட்டியபோது பொலித்தீன் துண்டும் கண்ணாடித் துண்டும் சேர்ந்து விழுந்தன. எந்த விவசாயி அதை மறுபடி வாங்குவார்?

இப்போது நான் ஏன் நாற்றுமேடை என்கிறேன் என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு மாரிக்கும் எங்கள் மாவட்டத்தில் மரநடுகை நடக்கிறது. பாடசாலை, கோயில், பள்ளிவாசல், அலுவலகம் என்று எங்கும் கன்றுகள் வருகின்றன. எல்லாம் கறுப்புப் பொலித்தீன் பையில். கன்றைக் குழியில் வைத்துப் படம் எடுத்து எல்லோரும் போன பிறகு குழியைச் சுற்றிக் கிழித்த பைகள் கிடக்கும். தோட்டக்காரருக்கும் அதே கதை. பப்பாசி, பாகல், புடோல், பூசணி எல்லாவற்றையும் பையில் முளைக்கவைத்துத்தான் நடுகிறார்கள். “மிஸ், கிழிச்ச பையை என்ன செய்யிறது?” என்று குச்சவெளிப் பக்கத் தோட்டக்காரர் ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. எரிக்கக் கூடாது. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து தடை. சேர்த்துக் கொடுக்க இடமும் இல்லை, மண் ஒட்டிய பையை மீள்சுழற்சிக்கு யாரும் வாங்குவதில்லை. அவர் அதை வரம்போரத்தில் புதைத்தார். அடுத்த போகத்தில் உழவு யந்திரம் அதைக் கிளறி மேலே போட்டது.

பையைக் கிழிப்பதில் பயிருக்கும் கேடு உண்டு. பப்பாசிக்கும் கொடிக் காய்கறிகளுக்கும் வேர் அசைவது பிடிக்காது. கிழிக்கும்போது மண்கட்டி உடைந்தால் கன்று வாடும், சிலவேளை பட்டுப்போகும். பையோடு சேர்த்து நடக்கூடிய ஒன்று இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீரும். மாப்பொருளின் எந்தக் குணம் கடையில் குறையாக நிற்கிறதோ, அதே குணம் இங்கே வேலைக்கு ஆகிறது. ஈரம் பட்டால் இளகும், நுண்ணங்கி கண்டால் விடாது தின்னும். ஈரமும் நுண்ணங்கியும் நிறைந்த இடம் பயிர் நடும் குழி. மானின் வாய்க்கும் போகாது, கடலுக்கும் போகாது, குப்பை வண்டிக்காரர் தரம்பிரிக்கவும் வேண்டாம். அது போய்ச் சேரும் இடம் முன்கூட்டியே தெரியும். மக்கும் பிளாஸ்டிக் விடயத்தில் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இது என் கற்பனையும் அல்ல. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் தக்காளி, மெலன் வயல்களில் மண்ணை மூடிக் களையைத் தடுக்கும், மாப்பொருள் கலந்த மூடுபடைத் தாளை விரித்து, அறுவடை முடிந்ததும் அப்படியே மண்ணுக்குள் உழுதுவிடுகிறார்கள். அதற்கென்றே ஈஎன் 17033 என்ற தரம் 2018இல் வந்தது. 2 ஆண்டுக்குள் மண்ணில் 90 வீதம் மக்க வேண்டும் என்பது அதன் விதி. கூட்டெருக் குவியலின் 58 பாகைச் சூடு அதற்குத் தேவையில்லை, சாதாரண மண்ணின் சூட்டிலேயே சோதிக்கிறார்கள். எங்கள் மண்ணோ அவர்களுடையதிலும் சூடானது.

பாடசாலைப் பிள்ளைகளோடு இதையும் செய்து பார்த்தோம். பசையில் கிளிசரினைக் குறைத்து, தும்புத்தூளும் உமியும் சேர்த்து, தகரப் பேணிக்குள் அழுத்திக் கிண்ணமாக்கிக் காயவைத்தோம். வெறும் பசையில் செய்தவை நாளும் தண்ணீர் ஊற்ற இடிந்து விழுந்தன. நீளத் தும்பு கலந்தவை பாகல் கன்று மூன்றாம் இலை விடும்வரை நின்றன. அவற்றைக் கிண்ணத்தோடு நட்டோம். பிறகு ஒன்றைத் தோண்டிப் பார்த்தபோது வேர் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. சுவர் விரலால் தொட உதிர்ந்தது. அந்தக் கொடியில் வேர் சுருண்டு கிடக்கவில்லை என்பது எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சந்தோசம். பூஞ்சணம் பிடிப்பது ஒரு தொல்லை, நிழல் கூடிய இடத்தில் வைத்தவற்றில் அது அதிகம். மாங்கன்று, தென்னம்பிள்ளை போல மாதக்கணக்காகப் பையில் நிற்க வேண்டியவற்றுக்கு இது இப்போதைக்குச் சரிவராது. சில வாரத்தில் நடுகிற காய்கறிக் கன்றுகளுக்குச் சரிவரும். அதிலிருந்து தொடங்கலாம்.

மாவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மரவள்ளியைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும். அதனால்தான் விலை விழும் காலத்தில் விவசாயிகள் அதைப் பிடுங்காமலே நிலத்தில் விடுகிறார்கள். அது முற்றி நாராகிப்போகும், அல்லது காட்டுப்பன்றிக்குப் போகும். சந்தைக்கு எடுபடாத சின்னக் கிழங்கு, முறிந்த கிழங்கு, பன்றி கடித்த கிழங்கு இவையே மாவுக்குப் போதும். 100 கிலோ பச்சைக் கிழங்கில் 20 முதல் 25 கிலோ மா கிடைக்கும். ஒரு சிறு நாற்றுக் கிண்ணத்துக்கு 10 கிராம் மா என்று வைத்தாலும் 2000 கிண்ணத்துக்குக் குறையாமல் வரும். உமியைக் கந்தளாய், தம்பலகாமம் அரிசி ஆலைகளிலிருந்து எடுக்கலாம். நல்ல கிழங்கை இதற்கு எடுக்கவே கூடாது. 2022இல் சோற்றுக்கு வழியில்லாமல் நின்ற நாட்களில் எத்தனை வீடுகளில் அவித்த மரவள்ளியும் தேங்காய்ப்பூவும்தான் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பின என்று எங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு நிலத்தைப் பிளாஸ்டிக்குக்குக் கொடுக்கச் சொல்பவள் நான் அல்ல.

பெரிய ஆலை கொண்டுவருகிறோம் என்று யாராவது வந்தால் முதலில் கழிவுநீரை எங்கே விடுவீர்கள் என்று கேளுங்கள். மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் உண்டு. கிழங்கை அரைக்கும்போது அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு பிரிந்து கழுவும் தண்ணீரோடு போகும். கரைந்த மாவும் சேர்ந்து அந்தத் தண்ணீர் நாறும், குளத்தில் விட்டால் மீன் மூச்சுமுட்டிச் சாகும். தமிழ்நாட்டுச் சேலம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகள் இந்தக் கழிவுநீரால் பட்ட பாடும் படுத்திய பாடும் பெரிது. சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் எல்லாம் மணல் நிலம், ஆழமில்லாத கிணறு. மேலே ஊற்றியது கிணற்றுக்கு வந்துவிடும். கொட்டியாரக் குடாவிலோ தம்பலகாமக் குடாவிலோ திறந்துவிடவும் எங்கள் மீனவர்கள் சம்மதிக்கக் கூடாது. அடைய விட்டு, காற்றுப் பட நிறுத்தி, சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும். கிராம மட்டத்தில் சிறிதாகச் செய்தாலும் இதே ஒழுங்கு வேண்டும்.

சோற்றுப் பார்சலுக்கு மரவள்ளி லஞ்ச் ஷீட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வாழையிலை இருக்கிறது, தம்பலகாமத்துக் குளங்களில் தாமரையிலை இருக்கிறது. மீன் வாங்க ஓலைப் பை இருக்கிறது. இவற்றுக்குப் பசை காய்ச்சத் தேவையில்லை.

கடையில் இப்போது விற்கும் பச்சை இலைப் பைகளைப் பற்றி மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. என்ன பொருளால் செய்தது, எந்தத் தரத்தில் சோதித்தது, கூட்டெருவிலா மண்ணிலா எங்கே எத்தனை நாளில் மக்கும், இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் பையிலேயே அச்சிட வைக்க வேண்டும். அச்சிட முடியாதவர் பச்சை இலைப் படத்தைப் போடக் கூடாது. கூடக் காசு கொடுக்கும் ஏழைக்கும், நம்பிச் சொல்லும் கடைப் பெடியனுக்கும் அந்த அளவு உண்மை உரித்தானது.

கிழக்கு மாகாண விவசாயத் திணைக்களத்திடம் என் வேண்டுகோள் வேறு. புரட்டாதியில் மாரிப் பயிருக்கு நாற்றுமேடை போடத் தொடங்குவார்கள். அதற்கு முன் இந்த மாவட்டத்து நாற்றுமேடையொன்றில் ஒரு பாத்தியைப் பாகலுக்கும் பப்பாசிக்கும் ஒதுக்கி, பாதிக் கன்றுகளைக் கறுப்புப் பையிலும் பாதியை மரவள்ளிக் கிண்ணத்திலும் வளர்த்து, நட்ட பின் எத்தனை பிழைத்தன, கிண்ணம் மண்ணில் எவ்வளவு காலம் நின்றது என்று எழுதி வையுங்கள். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துப் பிள்ளைகளையும் அளவெடுக்கச் சேர்த்துக்கொள்ளலாம். மாவும் தும்பும் அச்சும் நாங்கள் கொண்டுவருகிறோம். கிண்ணம் அழுத்த எங்கள் ஊர் மாதர் சங்கப் பெண்கள் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியை,
சாம்பல்தீவு, திருகோணமலை.